புளியமரப் படகு

கள்ளக்குறிச்சியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படகு விட்ட ஒரே மனிதர் எங்கள் துடுப்பு மாஸ்டர்தான்.

பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் எம்.ஏ. படித்த சரித்திர ஆசிரியர். லினோலியம் என்ற ரப்பர் மாதிரியான தரைவிரிப்பில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பது அவருடைய பைத்தியம். அதற்காகத் தலைமையாசிரியர் அறையின் தரைவிரிப்பையே மூலையில் வெட்டியவர். காகிதத்தைத் தேய்ப்பது வீட்டுச் சாம்பார்க் கரண்டியால். அவர் வீட்டில் சாப்பிட்டால் இரண்டு நாள் பல் கறுப்பாக இருக்கும்.

ஒருமுறை சென்னையில் பாலத்தின்மேல் நின்று, ஆற்றில் எட்டுப் பேர் துடுப்பு போடுவதைப் பார்த்துவிட்டார். அதை உள்ளங்கை அளவில் செதுக்கி அங்கே கண்காட்சிக்கு அனுப்புவதே அவர் வாழ்நாள் ஆசை. செதுக்கி முதல் பிரதி எடுத்த வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் வெட்டிப்போட்ட மரங்கள். பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. சென்னைக்கு வழிவிடச் சொல்லி மாஸ்டர் படத்தோடு மறியல்காரர்களிடம் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"இன்னா மாஸ்டரே, போற பக்கம் முதுகக் காட்டிக்கினு குந்தியிருக்கானுங்க?" என்றார் ஒருவர்.

அப்படித்தான் இழுக்கவேண்டும் என்ற மாஸ்டர், எட்டுப் பேரை விழுந்துகிடந்த புளியமரத்தில் வரிசையாக உட்காரவைத்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகமுடியாமல் நின்ற டிராக்டரிலிருந்து ஆளுக்கொரு கரும்பு கொடுத்தார். எட்டுப் பேரும் பாட்டுப் பாடி மரத்தை ஓட்டினார்கள். மறியலைக் கலைக்க வந்த இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்றார்.

"மெட்ராஸுக்குங்க."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஆறும் அறியேன், படகும் அறியேன். ஆனாலும், "எதிர்ல பாக்காம எவன் படகு ஓட்டுவான்? படிச்சவன் சொல்றேன், இது தப்பு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் எம்.ஏ. படிச்சவரு. நான்தான் தப்பா பாத்துட்டேன் போல."

வெட்டிய லினோலியத்தை ஒட்டவைக்க முடியாது. ஆட்களைத் திருப்ப வழியில்லாமல் எட்டுப் பேரையும் செதுக்கியே எடுத்துவிட்டார். சாலை திறந்ததும் கண்காட்சிக்குப் போனது ஆளில்லாத படகு. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. அதன்பின் அவர் வீட்டில் சாப்பிட்ட யாருக்கும் பல் கறுக்கவில்லை.

பல வருடம் கழித்து, சென்னைப் பாலமொன்றில் என் பஸ் நின்றது. கீழே எட்டுப் பேர், போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடுப்பு போட்டுப் போனார்கள். மன்னிப்புக் கேட்க மாஸ்டர் உயிரோடு இல்லை.

ஆசிரியர்கள் அறையில் காட்டிச் சிரிப்பதற்காக நான் வாங்கி வைத்த அந்த முதல் பிரதி மட்டும் என் சுவரில் இருக்கிறது. தூசி துடைக்கும்போதெல்லாம் சொல்கிறேன்: சரியாத்தான் பாத்தீங்க, மாஸ்டர்.