மாலை போட்ட டீம்

"மாலை போட்டுட்டேன் சார்," என்றான் முத்திருளன்.

கழுத்தில் துளசிமணி, இடுப்பில் கறுப்பு வேட்டி, வெறும் கால். ஆறடி நாலு அங்குல உடம்பை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கிக்கொண்டு நின்றான்.

சுப்பராமன் கையிலிருந்த விசில் நழுவிக் கீழே விழுந்தது.

"டேய்... இல்ல, சாமி! நாளன்னிக்கு முதல் மேட்ச். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"திடீர்னு தோணுச்சு சார்," என்றான் தரையைப் பார்த்தபடி.

சுப்பராமன் கணக்கு வாத்தியார். கூடைப்பந்து என்றால் கூடையும் உண்டு, பந்தும் உண்டு என்கிற அளவுக்குத் தெரியும். உடற்பயிற்சி ஆசிரியர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால் கல்லூரி டீம் அவர் தலையில் விழுந்தது. விழுந்த மறுநாளே பிரின்சிபால் கூப்பிட்டுவிட்டார்.

"நாலு வருஷமா ஒரு மேட்ச் ஜெயிக்கலே. இந்த சீசன்ல கப்பு வரலேன்னா கோர்ட்டை இடிச்சு சைக்கிள் ஸ்டாண்ட் கட்டப்போறேன். பையன்கள்ட்ட சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனார். பையன்கள் கோர்ட்டைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். காப்டன் மரியராஜ் முட்டி போட்டு, கோணாமல் வருகிறதா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்பராமனுக்குச் சொல்ல மனசு வரவில்லை. சொல்லாமலே திரும்பி வந்தார்.

வந்தவர், கண்டிப்பான கோச் ஆகிவிடுவது என்று முடிவுசெய்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார். காலை ஐந்து மணிக்கு வர வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கான்வாஸ் ஷூ இல்லாதவனுக்கு டீமில் இடம் இல்லை. விசில் ஊதினால் பேசக் கூடாது. அவருக்குத் தெரிந்த கோச்சிங் அவ்வளவுதான்.

இப்போது டீமில் இருக்கிற ஒரே உயரமான பையன் வெறுங்காலோடு நிற்கிறான்.

"சரி, சாமிக்கு ஷூ விதி கிடையாது," என்றார் சுப்பராமன். "நீ ஆடு."

முத்திருளன் முகம் அப்படி மலர்ந்ததை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் மேட்ச்சில் ரெஃபரி குறுக்கே வந்தார். "ஒருத்தர் கறுப்பு, நாலு பேர் மஞ்சள்னா எப்படி சார்? ஒருத்தர் வெறுங்காலு, நாலு பேர் ஷூ. அஞ்சு பேரும் ஒண்ணுபோல இருக்கணும்."

சுப்பராமன் யோசித்தார். முத்திருளனை மாற்ற முடியாது. மற்றவர்களை மாற்றலாம்.

"எல்லாரும் ஷூவைக் கழட்டுங்கோ," என்றார். பக்கத்துத் துணிக்கடைக்கு ஓடி, கறுப்பு டவுசரும் கறுப்பு பனியனும் வாங்கி வந்தார்.

"சார், நான் சர்ச்சுக்குப் போறவன்," என்றான் மரியராஜ்.

"கறுப்பு டவுசர் எல்லா மதத்துக்கும் பொதுடா. போடு."

மேட்ச் தொடங்கியது. எதிர் டீம்காரர்கள் ஐந்து கறுப்பு உருவங்களைப் பார்த்ததும் தயங்கினார்கள். விரதக்காரரை இடிக்கலாமா? காலை மிதித்துவிட்டால்? "டேய், அவனைப் பிடிறா மாப்ள" என்று கத்த வேண்டிய இடத்தில் "அந்தச் சாமியைக் கொஞ்சம் பிடிங்க" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் முத்திருளன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான்.

முப்பத்தெட்டுக்கு இருபத்தொன்று. நாலு வருஷத்தில் முதல் வெற்றி. பையன்கள் சுப்பராமனைத் தூக்கிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் வில்லாபுரம் வீட்டு வாசல் வரைதான்.

"ஏன்னா, சாமி வேஷம் போட்டுண்டு அதுகள் பாட்டுக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டா, பாவம் யாருக்கு?" என்றாள் மனைவி ஸ்யாமளா. "உங்களுக்குத்தான். சீசன் முடியறவரைக்கும் எல்லாரும் இங்கேதான் சாப்பிடணும். நீங்களும் சேர்ந்துதான்."

ஆகவே ஐந்து வாரம் ஐந்து சாமிகளும் ஒரு கணக்கு வாத்தியாரும் வெங்காயம் இல்லாத சாம்பார் சாப்பிட்டார்கள். பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். பாயில் படுத்தார்கள். செருப்பில்லாமல் காலேஜுக்குப் போனார்கள். சுப்பராமனின் காலில் கருவேல முள் ஏறி, பாடம் நடத்தும்போது ஒற்றைக் காலில் நின்றார்.

முத்திருளன்தான் எல்லாரிலும் கடுமையாக விரதம் இருந்தான். காப்பிகூடத் தொடவில்லை. "இருமுடி என்னிக்குப்பா கட்டறே?" என்று ஸ்யாமளா கேட்டால் மட்டும், வாயிலிருக்கும் சோற்றை வெகுநேரம் மென்றான்.

ஊரிலும் மரியாதை கூடிக்கொண்டே போனது. மேலூர் மேட்ச்சுக்குப் போகிற பஸ்ஸில் ஓர் அம்மாள் எழுந்து மரியராஜுக்கு இடம் கொடுத்துவிட்டு, "புள்ளைக்கு அம்புட்டுக் காய்ச்சலு. ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்று குழந்தையை நீட்டினாள். பதற்றத்தில் மரியராஜ் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டான்.

"இது புது மாதிரியா இருக்கே சாமி?"

"சீக்கிரம் கேக்கும்மா," என்றான் மரியராஜ்.

அந்த மேட்ச்சும் ஜெயித்தது. அடுத்ததும் ஜெயித்தது. இறுதிப் போட்டி வந்தது. சுப்பராமன் கோர்ட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர் டீம் ஐந்து பேரும் கறுப்பு பனியன், கறுப்பு டவுசர், வெறும் கால்.

"நம்ம யோசனையைத் திருடிட்டாங்கெ சார்!" என்றான் மரியராஜ்.

"பந்தை எடுங்க சாமி," என்றான் ஆட்டம் தொடங்கியதும் எதிர் டீம்காரன்.

"இல்ல, நீங்க எடுங்க சாமி."

"லேசா இடிச்சுட்டீங்க சாமி," என்று ரெஃபரி ஃபவுல் கொடுக்கும்போதே கும்பிட்டார். பார்க்க வந்த கூட்டம் சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பாதி ஆட்டத்தில் நாலுக்கு நாலு. சுப்பராமன் கண்ணை மூடினார். சைக்கிள் ஸ்டாண்ட் தெரிந்தது.

அப்போது மணி இரண்டு. மார்கழியானாலும் மதுரை வெயில் மதுரை வெயில்தான். சிமெண்டுத் தரை சுட ஆரம்பித்தது. எதிர் டீம்காரர்கள் அன்று காலையில்தான் ஷூவைக் கழற்றியவர்கள். முதலில் ஒருவன் துள்ளினான். பிறகு ஐந்து பேரும் துள்ளினார்கள். பந்தை விட்டுவிட்டு நிழலைத் தேடி ஓடினார்கள்.

சுப்பராமனின் பையன்களுக்கு ஐந்து வாரத்தில் உள்ளங்கால் காய்த்துப்போயிருந்தது. நிதானமாக நடந்துபோய்ப் பந்தைப் போட்டார்கள். இருபத்திரண்டுக்கு ஆறு.

கப்பைக் கையில் வாங்கியதும் சுப்பராமன் அழுதுவிட்டார். அழுததற்கு வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் கோர்ட்டில் பாராட்டு விழா. பிரின்சிபால் மைக்கைப் பிடித்தார். "சைக்கிள் ஸ்டாண்ட் வேற இடத்துல வரும். இந்த கோர்ட் இங்கேயே இருக்கும். என் பிள்ளைகள் வெறுங்காலோட ஆடி ஜெயிச்சிருக்கா. மலைக்குப் போயிட்டு வந்ததும் போட்டுக்க, டீமுக்கே என் செலவில் புது ஷூ!"

அளவெடுக்க, காளவாசலில் கடை வைத்திருக்கும் விருமாண்டி அட்டைப்பெட்டிகளோடு வந்திருந்தார். பையன்கள் வரிசையாகக் காலை நீட்டினார்கள். முத்திருளனை மட்டும் காணோம். கூடைக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ஆறடி நாலு அங்குலத்தைக் கம்பம் எவ்வளவு மறைக்கும்?

"எங்க முத்திருளனைப் பாருங்கோ," என்றார் சுப்பராமன் பெருமையாக. "இவன் பக்தியாலதான் இந்தக் கப்பே வந்தது."

விருமாண்டி நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானார்.

"அட, தம்பி! நாஞ் சொன்ன யோசனை பலிச்சிருச்சுபோல. ஐப்பசியில நீங்க கேட்ட பன்னெண்டாம் நம்பர் ஷூ மெட்ராஸ்ல இருந்து நேத்துத்தான் வந்துச்சு. இனி மாலையைக் கழட்டிரலாம்!"