டைட்டன் நிலவின் அவசரக்குடுக்கை

உலகில் ஓர் இனம் உண்டு. பால் அடுப்பில் ஏறுமுன்பே பாயசம் பிரமாதம் என்று தெருவுக்கே சொல்லிவிடும் இனம். ஊரில் அதற்கு அவசரக்குடுக்கை என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் முனைவர் என்று பெயர்.

நம் கையில் சிக்கியவர் ஊரைவிட்டு வந்து கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத். சனியைச் சுற்றும் டைட்டன் நிலவின் காற்றைப் போலவே நைட்ரஜனையும் மீத்தேனையும் எஃகுக் கலத்தில் அடைத்து, மின்பொறி பாய்ச்சி, அடியில் படியும் பழுப்புப் பிசினைச் சுரண்டி, அதில் என்னென்ன சேர்மங்கள் பிறந்திருக்கின்றன என்று பார்ப்பது அவர் தொழில். இதுவரை பிறந்ததெல்லாம் பிசின்தான். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் குடும்பத்தோடு திருச்சிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். பாவம், பயம் இருக்காதா?

ஒரு வெள்ளிக்கிழமை, கருவி அமினோ அமிலத்தைக் காட்டியது. உயிரின் செங்கல்! இந்த இனம் அப்போது என்ன செய்யும்? மறுபடி சோதித்துப் பார்க்குமா? நல்ல கதை! ஸ்ரீநாத் ஆய்வுக்கூடத் தலைவருக்கு மின்னஞ்சல் போட்டார், திருச்சிப் பேச்சை இனி எடுக்காதே என்று மனைவிக்குச் சொன்னார், ரயிலேறித் தேக்கா கடைத்தெருவுக்குப் போனார், பிரியாணிக் கடை வரிசையில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் டைட்டனை விளக்கினார்.

"உயிருக்கான பொருள் அங்க தானாவே உருவாகுது சார்!"

"எச்டிபி ஃபிளாட் எப்ப கட்டுவாங்க லா?" என்றார் முன்னால் நின்ற, அரசு அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் அழகர்சாமி.

திங்களன்று சக ஆய்வாளர் நஃபீசா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்ரீ, பிளாங்க் ரன் பண்ணீங்களா?"

அதாவது, எதுவுமே போடாத வெற்றுக் குப்பியை அதே கருவியில் சோதித்தீர்களா என்று.

"காலிக் குப்பில என்னங்க இருக்கப் போகுது?"

இருந்தது. அதே அமிலம். கையுறை போடாமல் குப்பிகளைப் பிடித்த ஸ்ரீநாத்தின் வியர்வை விரல்கள் விட்டுப்போனது. மனிதர் சனி வரைக்கும் போய்த் தன்னையே கண்டுபிடித்திருந்தார்.

"சரி, தலைவர்கிட்ட சொல்லிடுங்க. அவருக்கு மட்டும்தானே மெயில் போட்டீங்க?"

"அவர் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுட்டார்."

தலைவரும் அதே இனம்தான். என்ன, அவருக்கு நிரந்தர வேலை. ஒப்பந்தம் போனது ஸ்ரீநாத்துக்கு மட்டும்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் புளோக் லிஃப்டில், எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் ஒரு பையன் நின்றதைப் பார்த்து, கீழ்த்தளம் வருவதற்குள் நாலு வீட்டுக்குக் கல்யாணச் செய்தி அனுப்பினீர்களே? அவன் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவனாம்.