பத்து மூச்சும் என் கிரீஸும்

திருவண்ணாமலை ஜில்லாவிலேயே பயத்தை முதலாகப் போட்டுப் பிழைத்த ஒரே ஆள் பத்து மூச்சுதான். நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். ஒற்றை ஸ்பேனரோடு ஆரம்பித்து இன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் மூன்று மோட்டார் கடை வைத்திருக்கிறேன். பயந்திருந்தால் நடக்குமா? அவனோ பயப்படாமல் ஒரு வேலைக்கும் இறங்கமாட்டான்.

கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை முழுகி எடுத்துத் தருவது அவன் தொழில். முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தகுந்தபடி அளந்து விடுகிற சாமான் அது. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது செட்டையும் கொடுத்து, பழக்கியும் விட்டுப் போனாராம்.

இறங்குவதற்கு முன் கரையிலேயே பத்து மூச்சு இழுத்துப் பார்ப்பான். ஒன்பதாவதில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பேரே அதில் வந்ததுதான். அப்புறம் பக்கெட் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பான்.

"இன்னாய்யா இவன், கெணத்துல எறங்கச் சொன்னா பொண்ணு பாத்துனுகீறான்!" என்று சனம் சிரிக்கும்.

ஒரு கல்யாணத்தில் சமையல் கேஸ் 'உஸ்' என்கிறது என்று எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்கு டிபன் பத்தரைக்குத்தான் கிடைத்தது.

ஒரு கோடையில், கடலை காய் பிடிக்கிற சமயம், எங்கள் வாடிக்கைக்காரர் ஒருத்தரின் மோட்டார் கயிறு அறுந்து கிணற்றில் விழுந்தது. அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான்தான், அதை விடுங்கள். செடி வாடுகிறது, மானம் போகிறது. பத்து மூச்சு வந்தான், மூன்றாவது மூச்சிலேயே நிறுத்தினான்.

"உஸ்ஸுங்குதுணா. மெட்ராஸ் போயி வாஷர் வாங்கினு நாளைக்கு வர்றேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். ஆயிரம் மோட்டார் பிரித்த கை சும்மா இருக்குமா? ரெகுலேட்டரைத் திறந்து, நல்ல பேரிங் கிரீஸாக அப்பி மூடினேன். உஸ் நின்றது!

திரும்பி வந்தவனை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் மூச்சிலேயே ரெகுலேட்டரைத் துப்பினான்.

"யாரு கிரீஸ் வெச்சது?"

"நான்தான்யா. உஸ்ஸு நின்னுச்சா, இல்லியா?"

"நின்னுச்சு. அப்போ நீங்களே எறங்குங்க. கெணத்துல வாணாம், தோ, இந்தத் தொட்டில."

ஊரே பார்க்கும்போது பின்வாங்குவேனா? தொட்டியில் உட்கார்ந்து தலையை முக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வாயெல்லாம் ஒர்க்‌ஷாப் நாற்றம். நாலாவது மூச்சு வரவில்லை. இழுக்கிறேன், இழுக்கிறேன், சுவரை உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறது! எருமை மாதிரி எகிறி எழுந்தேன். வேட்டி தொட்டியிலேயே தங்கிவிட்டது. மொபைலில் எடுத்தவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. துண்டை நீட்டினான்.

"தொட்டில எழுந்துட்டீங்கணா. அறுபதடித் தண்ணில நான் எங்க எழுந்திருக்கறது?"

துண்டைக் கட்டிக்கொண்டு, "தப்புதான்யா" என்றேன். என் ஆயுசில் அது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் வாஷரோடு வந்தான். என் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் கழுவினான். இறங்குமுன் ரெகுலேட்டரின் வாய்ப்பக்கத்தை என்னிடம் நீட்டினான். "மொதல்ல நீங்க பத்து." இழுத்தேன். மோட்டார் மேலே வந்தது, கடலை பிழைத்தது. அன்றிலிருந்து எந்தக் கிணற்றிலும் முதல் பத்து மூச்சு என்னுடையது.

இப்போது அவனுக்குக் காது சரியில்லை. தொழிலை விட்டு வேங்கிக்காலில் மகள் வீட்டில் இருக்கிறான். செட்டு என் கடையில் தொங்குகிறது. இனி அதைப் போட்டு யாரும் இறங்கப்போவதில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து மாட்டுகிறேன். தொடும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். சாமி படத்துக்குக்கூட நான் அப்படிக் கழுவினதில்லை.