வேறு டெய்லர் பிடித்த பேன்ட்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. மரியாதைக்காகக்கூட அப்படி எழுதக் கை வரவில்லை.

உங்கள் மகள் பஸ் ஓட்டும் பயிற்சிக்கென்று அங்கே வந்து தங்கி இரண்டு மாதமாகிறது. பஸ் டிக்கெட் கவுன்ட்டரில் சீருடைப் பாவாடையும் சட்டையுமாக உட்கார்ந்திருந்தவள். ஓட்டுநருக்குப் பேன்ட்தான் சீருடையாம். கிளம்புகிற அன்று, "பொம்பளைக்குப் பேன்ட்டா? என் கையால தைக்க மாட்டேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "சரி, தைக்காதீங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டாள். ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொள்வது?

போன வாரம் போனில் சொல்கிறாள்: டிப்போவில் கொடுத்தது ஆண்கள் அளவாம், இடுப்பில் நிற்கவில்லையாம், அங்கே யாரோ ஒரு டெய்லரிடம் கொடுத்துச் சுருக்கிப் பிடித்துக்கொண்டாளாம். மாமா, இங்கே ஊரில் பாதிப் பேருக்குப் பேன்ட் தைப்பவன் நான். என் மனைவி இன்னொருத்தன் கடையில் போய் நிற்கிறாள்! மானம் கப்பலேறிவிட்டது. கடைக்கு வந்த ரிட்டயர்ட் வாத்தியாரிடம் புலம்பினால், அவர் நியாயம் சொல்வதை விட்டுச் சரித்திரம் சொல்கிறார். "ஒரு காலத்துல வெளிநாட்டுல ஒரு பெரிய நகரத்துலயே பொம்பளைங்க பேன்ட் போடணும்னா போலீஸ்கிட்ட அனுமதி வாங்கணும்ப்பா. சைக்கிள் வந்தப்ப எத்தனை பேர் துணிஞ்சு பாவாடையை ரெண்டா பிரிச்சுத் தைச்சுக்கிட்டாங்க தெரியுமா? அப்ப போலீஸ், இப்ப நீயா?" என்று சிரிக்கிறார்.

வீம்புக்கு நானே தைத்து அனுப்பலாமென்று நல்ல துணியாக எடுத்து மேசையில் விரித்தேன். அளவு? கொடியில் கிடந்த அவள் பாவாடையை அளந்தேன். இடுப்பு தெரிந்தது. காலைப் பற்றிப் பாவாடை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பின் தெரியாதவனைக்கூட வாசலில் நுழையும்போதே கண்ணால் அளந்துவிடுகிறவன், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் கால் நீளம் தெரியாமல் கத்தரியோடு நிற்கிறேன். அவள் உட்காரும் நாற்காலியை அளந்தேன், அவள் எட்டி எடுக்கும் அலமாரித் தட்டை அளந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாமா, அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. இன்னமும் இரண்டு பேருக்கே சமைத்துத் தொலைக்கிறேன்.

ஆகவே, பஸ்ஸும் வேண்டாம் பேன்ட்டும் வேண்டாம், உடனே கிளம்பு என்று தகப்பனாராகிய தாங்கள் கண்டித்து அனுப்பிவைக்க வேண்டும். என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். உங்கள் பேச்சைக் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை. இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு காலை டேப்போடு நானே வருகிறேன். அவள் பயிற்சியை நல்லபடியாக முடிக்கட்டும். பயிற்சி பஸ்ஸில் வெளியாளை ஏற்றுவார்களா என்று மட்டும் விசாரித்து வையுங்கள். முன்சீட்டெல்லாம் வேண்டாம், கண்ணாடியில் அவள் முகம் தெரிகிற இடமாக இருந்தால் போதும்.