துக்க வீட்டுக்குக் கேக் சுட்ட டச்சு ஆயா

காஞ்சிபுரத்துக் கோயில்களைக்கூட எண்ணி முடித்துவிடலாம். எங்கள் டச்சு ஆயா பகைத்துக்கொண்டவர்களை எண்ணி மாளாது. ஹாலந்தில் பிறந்தவள். பட்டுக்குச் சாயம் போடும் புது வித்தையைக் கற்க அங்கே போன என் தாத்தா, வித்தையைக் கோட்டைவிட்டு இவளைக் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பினார். தெருவுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் கிழவிக்குச் சோறு செரிக்காது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த அம்மாளிடம், "இந்தக் கலர் வேணாம்மா. வயசான மாதிரி காட்டுது" என்பாள். அந்த அம்மாள் எழுந்து போய்விடுவார்.

"இவ வாய வச்சிக்கினு நான் எப்டிப்பா பொடவ விக்கிறது?" என்று தாத்தா தலையில் அடித்துக்கொள்வார்.

பேரன் என்றும் பார்க்கமாட்டாள். நான் எழுதிய முதல் கட்டுரையை ஆசையாகப் படித்துக் காட்டினேன். "பாதி போதும். மீதி பீத்தல்" என்றாள்.

தாத்தா செத்தபோது ஊரே மாரில் அடித்துக்கொண்டு அழுதது. இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போதாக்குறைக்கு, பிணத்தை எடுத்த கையோடு மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் கிளம்பினாள். தாத்தாவின் தங்கை சம்பூரணம் வழிமறித்தாள்.

"அண்ணி! சாவு வூட்ல அடுப்பு பத்த வைப்பியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"எங்க ஊர்ல வழியனுப்ப வந்தவங்களுக்கு காபியும் கேக்கும் குடுப்போம்மா. குடுக்கலன்னா அவர சரியா அனுப்பலன்னு அர்த்தம். உங்க மொறை எல்லாத்துக்கும் தலையாட்டினேன். இது ஒண்ணு என்னோடது."

கிழவியின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டு ஜரிகை வியாபாரி பாய்தான் வழி சொன்னார். "சாவு வூட்டுக்கு அக்கம்பக்கத்துல இருந்துதானே சாப்பாடு வரணும்? எங்க வூட்டு அடுப்புல செய்யட்டும்மா."

"முட்டை மட்டும் போடக்கூடாது" என்று சம்பூரணம் முறைத்தாள்.

பாய் வீட்டுப் பிரியாணி தேக்சாவில், மூடிமேல் தணல் கொட்டி, கேக் வெந்தது. சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டார்கள். ஐயோ! கிழவி சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியிருந்தாள். செங்கல்லை உப்பில் ஊறவைத்த மாதிரி இருந்தது.

அவள் வாயில் அடிபடாத ஆளே அந்தக் கூட்டத்தில் கிடையாது. பழிதீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? ஒருத்தர் மூச்சு விடவேண்டுமே! எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மென்றார்கள்.

"இன்னொரு துண்டு குடு அண்ணி" என்றாள் சம்பூரணம்.

கடைசியாக ஆயா தானும் ஒரு வாய் தின்றாள். முகம் செத்துப்போயிற்று.

"உப்பு! இத்தன பேர் துன்னீங்களே, ஒருத்தர்கூட ஏன் சொல்லல?"

"நல்லாத்தான் இருக்குது. எங்க அண்ணன ஒழுங்காத்தான் அனுப்பிட்ட. நீ சாப்புடு" என்று சம்பூரணம் கூசாமல் புளுகினாள்.

ஆயா அவள் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். உலகத்திலேயே மோசமான அந்தக் கேக்கில் நானும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். இன்றைக்கு அவள் இருந்து கொடுத்தால் முழுசையும் தின்பேன்.