மூன்றாவது அயகுச்சோ

தம்பி அனுப்பிய அட்டையில் அயகுச்சோ என்று ஊர்ப்பெயர் இருந்தது, நாடு இல்லை. தபால்தலையை அண்ணன் கார்மேகமே அன்றைய கோபத்தில் பிய்த்துப் போட்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் முந்திக் கப்பலேறிய பொன்னுச்சாமி, அந்த ஓர் அட்டையோடு சரி. இப்போது ஆத்தா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று எழுதியிருந்தாள்.

அது எழுபத்தாறாம் வருஷம். துபாய் சத்வாவில் கம்பெனி ஆபீஸ் என்றால் ஒரு தகரக் கொட்டகை. டைப்பிஸ்ட் சீதாராமன் அட்லஸை விரித்தார்.

"பெருவில இருக்குப்பா. அங்கே ஸ்பெயின்காரனை ஜெயிச்ச சந்தோஷத்துல அர்ஜென்டினா, வெனிசுலான்னு எல்லா இடத்துலயும் அதே பேரை வெச்சுட்டா."

"எங்க ஊர்லயும் வரப்புச் சண்டை நடந்துச்சு சார். ஒரு சந்துக்குக்கூட பேர் வைக்கல," என்றார் கார்மேகம். படம் போட்டவன் மேலேயே அவருக்குச் சந்தேகம்.

லீவு வாங்க 'அம்மா சீரியஸ்' என்று தந்தி வரவழைப்பது அப்போது கேம்ப் வழக்கம். ஆத்தாவை அப்படி எழுத மனசு வரவில்லை. தன்னையே படுக்கப் போட்டார். பெரு நாட்டு அயகுச்சோவின் பாதிரியார் மூலம் பொன்னுச்சாமிக்குக் கடிதம்: அண்ணன் சீரியஸ்.

கடிதம் திரும்பி வந்தது. அர்ஜென்டினாவுக்கு: ரொம்ப சீரியஸ். பதிலே இல்லை. படித்துவிட்டுச் சிரிக்கிறான் என்றே கார்மேகம் முடிவுகட்டினார்.

"வெனிசுலாவுக்கு, செத்துட்டேன்னு எழுதுங்க."

"உசிரோட இருக்கிறவனை எப்படிப்பா?"

"சாகுறது நான், உங்களுக்கென்ன? கம்பெனி சீல் அடிங்க. இல்லாட்டி அந்தக் கள்ளப்பய நம்பமாட்டான்."

சீல் விழுந்த சத்தத்தில் அவருக்குப் பழைய நினைப்பு. இருவருக்கும் ஒரே சட்டை. திருவிழாவுக்கு முறைவைத்துப் போட்டுக்கொள்வார்கள். தம்பி கழற்றித் தரும்போது பையில் அண்ணனுக்கென்று கடலை இருக்கும்.

தம்பி கிடைத்தபிறகு சேர்த்து எழுதலாம் என்று ஊருக்கும் அவர் கடிதம் போடவில்லை.

மூன்று மாதம் போனது. கடிதத்துக்கு முன்பே லீவில் போயிருந்த சொந்த ஊர்க்காரன் ராமையா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமுக்குத் திரும்பினான். குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கார்மேகத்தைப் பார்த்ததும் அவன் கைப்பெட்டி நழுவியது. சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"என்னடா முழிக்கிற? ஊர்ல தம்பி சங்கதி ஏதும் உண்டா?"

"வ... வந்துட்டாண்ணே. ஆத்தாவோடதான் இருக்கான்."

கார்மேகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

ராமையா கிட்டே வந்து, அவர் காலைக் குனிந்து பார்த்து, மெதுவாகத் தொட்டுப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. உங்க கருமாதியில நான் ரெண்டு பந்தி சாப்பிட்டுட்டேன்."