இருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

உயிரோடு இருந்த ஒருவருக்கு நான் அஞ்சலி செலுத்தியிருக்கிறேன், பிள்ளைகளா. அதுவும் அவரையே எழுந்து நிற்க வைத்து. இதைச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா பாதியில் சிரித்துவிடுகிறாள். முழுசாக நான்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். நன்னிலத்தில் ஓர் உரக்கடையில் எனக்கு வேலை. படிப்பு பத்தாவது. (அதையும் இரண்டாம் தடவையில்தான் தாண்டினேன்.) புதுப் பெண்டாட்டி முன்னால் படித்தவனாகத் தெரிய ஆசைப்பட்டு, நூலக வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். இரண்டாவது உலகப் போர் முடிந்த மறு வருஷம் தமிழில் வந்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நூலகர் எட்டு எழுத்தாளர்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஏழு பேருக்குப் பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டும் இருந்தன. எட்டாவது ஆளுக்குப் பிறந்த வருஷம் மட்டும். பாவம், இவர் செத்ததைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லையே என்று எனக்கு மனசு கனத்துவிட்டது. பர்மாவில் குண்டு விழுந்ததும் நடந்தே ஊர் திரும்புகிற ஒருவனைப் பற்றி அவர் எழுதிய நாவல் நூலகத்தில் இருந்தது. மட்டமான காகிதம், புரட்டினால் உதிர்ந்தது. நாற்பது பக்கம் படித்தேன். (அதற்குள் குறுவை நெல்லுக்கு உரம் வாங்கக் கூட்டம் வந்துவிட்டது.)

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். உங்கள் அம்மாவும்தான். மறைந்த எட்டுப் பேருக்கும் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தேன். எட்டாவது பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்தேன். எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவரும் நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்து, தலைகுனிந்து நின்றார். நூலகர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மௌன நேரம் என்பதால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் காதில் சொன்னார். அந்தப் பெரியவர்தான் எட்டாவது ஆள். எழுதியது அந்த ஒரே நாவல். அதைப் பற்றி ஒரு மேடையிலும் யாரும் பேசியதில்லை. ஒரு தடவையாவது கேட்டுவிடலாம் என்று எண்பது வயதில் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை.

"அது கெடக்கட்டும் தம்பி. கதையப் பத்திச் சொல்லுங்க. முடிவு எப்படி இருந்துச்சு?"

நாற்பது பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"பிரமாதங்க ஐயா. அவன் ஊருக்கு வந்து பொண்டாட்டி புள்ளைங்களோட சேர்ற எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

பெரியவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"நானும் அப்படி முடிக்கணும்னுதான் நெனச்சேன். எங்கப்பா வந்து சேரலைங்களே."

அன்றைக்கே மிச்சத்தைப் படித்தேன். அவன் மலைப்பாதையில் காய்ச்சலில் போய்விடுகிறான். ஊரில் அவன் மகன், வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறான்.

அடுத்த தை மாதம் பெரியவரின் மகன் கடைக்கு வந்தார். அப்பா தவறிவிட்டாராம். படத்திறப்பில் என்னைத்தான் பேச வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

"உங்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம்னாருங்க" என்றார், சிரிக்காமல்.

போனேன். அந்த நாவலின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தேன். மௌனத்துக்கு எல்லோரும் எழுந்தபோது என் கண் தானாக முன்வரிசைக்குப் போயிற்று. அவர் இல்லை.

இன்றைக்கும் யாராவது இறந்துவிட்டார்கள் என்று நான் வந்து சொன்னால், உங்கள் அம்மா உடனே நம்புவதில்லை. "போன் போட்டு அவங்கள்ட்டயே கேட்டீங்களா?" என்கிறாள்.